கோழிக்குஞ்சுக்கு வயிறு சரியில்லையா? அவசரத்தில் நாம் செய்யும் தவறுகள்

ஐந்து வாரக் குஞ்சு அது. காலையில் கூண்டைத் திறந்தபோது மற்றவை எல்லாம் காலுக்குள் ஓடிவர, இது மட்டும் மூலையில் சிறகைத் தொங்கவிட்டு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி நின்றது. பின்பக்க இறகில் எச்சம் ஒட்டியிருந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் நான் நாலு வேலை செய்தேன். பூண்டை இடித்துத் தண்ணீரில் கலந்தேன். தயிர் வைத்தேன். பையன் மீன்தொட்டிக்கென்று வாங்கிய மருந்தில் மிச்சம் இருந்தது, அதையும் கரைத்தேன். அப்புறம் ஊசியில்லாத சிரிஞ்சால் வாயைத் திறந்து உள்ளே ஊற்றினேன். நாலாவது வேலைதான் அதன் உயிரை எடுத்தது.

நோய் கொல்வதற்கு முன் நம் பதற்றம் கொன்றுவிடுவது குஞ்சுகள் விஷயத்தில் அதிகம். அதனால் எந்த மருந்து என்பதைவிட, எதை முதலில் செய்யக்கூடாது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சிங்கப்பூருக்கே உரிய ஒரு சங்கடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீடுகளில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. தரை வீட்டில் இருப்பவர்கள் 10 வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் காட்டுப் பறவைகள் நுழையாதபடி வலையடித்த கூண்டுக்குள்தான் இருக்க வேண்டும். பறவைக் காய்ச்சலைத் தடுக்க அது தேவையான விதி. ஆனால் ஊரில் பகலெல்லாம் கொல்லை, களம், வயல் என்று மேய்ந்து திரியும் கோழி, இங்கே நாள் முழுக்கத் தன் எச்சத்தின் மேலேயே நடக்கிறது. கிராமத்துக் கோழிக்குச் சுலபமாக வராத வயிற்று நோய் நம் வீட்டுக் குஞ்சுக்கு வர இதுவே பெரிய காரணம்.

எச்சத்தைப் பார்த்ததும் தீர்ப்புச் சொல்வது

கோழி போடும் எச்சம் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. வழக்கமானது பழுப்பாகவோ கரும்பச்சையாகவோ கெட்டியாக இருக்கும், மேலே வெள்ளையாக ஒரு தொப்பி இருக்கும். அந்த வெள்ளை சிறுநீரகக் கழிவு, நோய் அல்ல. எட்டு பத்து தடவைக்கு ஒருமுறை பளபளப்பாக, பிசுபிசுப்பாக, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்தோடு வேறொன்று வரும். நிறமும் பதமும் கோப்பிக் கடையில் ரொட்டிக்குத் தடவும் கயாவைப் போலவே இருக்கும் (காலையில் படிப்பவர்கள் மன்னிக்கவும்). கோழியின் குடல்வால் (சீக்கம்) என்ற பை போன்ற பகுதியிலிருந்து வருவது அது, இயல்பானதுதான். இதைப் பேதி என்று நினைத்து மருந்து கரைத்தவர்கள் எத்தனையோ பேர்.

மதியம் 32, 33 டிகிரி வெயிலில் கோழி நிறையத் தண்ணீர் குடிக்கும், எச்சமும் நீர்த்துப் போகும். தர்பூசணித் தோலைக் கொத்தினாலும் அப்படித்தான். சாப்பிடாமல் கிடக்கும் குஞ்சுக்குப் பித்த நீர் மட்டும் இறங்கி எச்சம் பச்சையாக வரலாம். எப்போதாவது இளஞ்சிவப்பாக ஒரு சவ்வுத் துணுக்கு தெரிந்தால் அது உதிர்ந்த குடல் தோலாக இருக்கலாம்.

எனவே செய்ய வேண்டியது இது. குஞ்சைத் தனியாக ஓர் அட்டைப் பெட்டியில் விட்டு, அடியில் வெள்ளைச் சமையலறைத் தாளை விரியுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏழெட்டு எச்சமாவது கிடைக்கும். கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மரத்தூள் மேல் தெரியாத ரத்தம் வெள்ளைத் தாளில் தெரிந்துவிடும்.

“நம்ம ஊர் வெயில்தானே, குளிரா அடிக்கப்போகுது?”

முதல் வாரக் குஞ்சுக்கு 32 முதல் 35 டிகிரி வெப்பம் தேவை. வாரத்துக்கு ஏறக்குறைய 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். இங்கே மழை இரவில் 25 டிகிரிக்கு இறங்கும், போதாததற்கு மின்விசிறி வேறு. இறகு முழுதாக முளைக்காத, நோயுற்ற குஞ்சுக்கு அது குளிர்தான். உடம்பு குளிர்ந்தால் செரிமானம் நின்றுபோகும். அந்த நேரத்தில் தீனியைத் திணித்தால் உள்ளே கிடந்து புளிக்கும். முதலில் சூடு, அப்புறம் தண்ணீர், கடைசியில்தான் தீனி என்பதே வரிசை.

வெந்நீர் புட்டியைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குஞ்சு மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும்.

வாய்க்குள் ஊற்றுவது

என் குஞ்சு செத்தது இதனால்தான் என்று சொன்னேன் அல்லவா? கோழிக்கு மூச்சுக்குழல் திறப்பது நாக்கின் அடிப்பகுதியில், சின்னப் பிளவாக. வாயைப் பிளந்து சிரிஞ்சை அழுத்தினால் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். குஞ்சு ஒருமுறை தலையை உதறும், வாயால் மூச்சு விடும், அவ்வளவுதான்.

சொட்டு மருந்துக் குழாயால் அலகின் ஓரத்தில் ஒரே ஒரு துளி வையுங்கள். அது அலகு இடுக்கில் தானாகப் பரவும், குஞ்சு விழுங்கும். விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த துளி. பத்து துளிக்குப் பத்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. தலையைத் தூக்கக்கூட முடியாத குஞ்சுக்கு இதையும் நீங்களாகச் செய்யாதீர்கள், மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பேதியால் இழந்த உப்பை ஈடுகட்ட உப்பு-சர்க்கரைக் கரைசலை ஒருநாள் கொடுக்கலாம். 100 பிளஸ் ஊற்றலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம், வாயு நிறைந்த இனிப்புத் தண்ணீரால் புண்ணான குடலுக்கு ஒரு நன்மையும் இல்லை.

ரத்தம் வரட்டும் என்று காத்திருப்பது

மூன்று முதல் எட்டு வாரக் குஞ்சு குறுகி நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ரத்தக் கழிச்சல், அதாவது காக்சிடியோசிஸ். ஐமீரியா என்ற ஒற்றைச் செல் உயிரி குடல் சுவரைத் துளைத்துப் பெருகுவதால் வருவது. பெயரில் ரத்தம் இருப்பதால் ரத்தத்தைப் பார்த்தால்தான் அந்த நோய் என்று நினைத்துவிடுகிறோம். ஐமீரியாவில் பல வகை உண்டு. குடல்வாலைத் தாக்கும் வகையில்தான் ரத்தம் பளிச்சென்று தெரியும். மற்றவற்றில் சளி போன்ற எச்சம், எடை குறைவு, வெளிறிய கொண்டை, இவ்வளவுதான் தெரியும். ரத்தத்துக்காகக் காத்திருந்தால் குஞ்சு காத்திருக்காது.

“பெரிய கோழிங்க எல்லாம் நல்லாத்தானே இருக்கு” என்பதும் ஏமாற்றும். அவை சிறு வயதிலேயே தாக்குப்பிடித்து எதிர்ப்புச் சக்தி பெற்றவை. நோய் தெரியாமலே கிருமியை எச்சத்தில் விட்டுக்கொண்டிருக்கும்.

மருந்தில் நடக்கும் தவறுகள் இன்னும் மோசம். ஐமீரியா புழு அல்ல, பூச்சி மருந்தால் அது சாகாது. பாக்டீரியாவும் அல்ல, வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் அதன் பக்கமே போகாது. புண்ணான குடலில் பாக்டீரியாவும் சேர்ந்துகொண்டால் மருத்துவர் ஆன்டிபயாட்டிக் எழுதலாம், அது வேறு. வழக்கமாகக் கொடுப்பது ஆம்புரோலியம். இது பார்க்கத் தயமின் என்ற வைட்டமின் பி1 போலவே இருக்கும். ஐமீரியா அதை வைட்டமின் என்று நம்பி எடுத்துக்கொண்டு பட்டினியில் சாகிறது. இப்போது பாருங்கள், குஞ்சு தளர்ந்திருக்கிறதே என்று அதே தண்ணீரில் பி வைட்டமின் டானிக்கையும் கலக்கிறோம். வலது கையால் போட்ட மருந்தை இடது கையால் எடுத்துவிடுகிற வேலை. டானிக் எல்லாம் மருந்து முடிந்த பிறகு.

மருந்து கலந்த தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் கண்ணில் படக்கூடாது. குட்டை, குழாயடி, தொட்டித் தட்டு எல்லாவற்றையும் மறையுங்கள். தினமும் புதிதாகக் கலக்கவும். குஞ்சு குடிக்கவே இல்லை என்றால் தண்ணீரில் இருக்கும் மருந்தால் என்ன பயன்? அதை மருத்துவரிடம் சொன்னால் வாய்வழி அளவு சொல்லுவார். இரண்டாம் நாள் துள்ளிக் குதிக்கிறதே என்று பாதியில் நிறுத்தவும் கூடாது. தீவனப் பையில் மருந்து சேர்த்தது என்று போட்டிருக்கலாம். அது வராமல் தடுக்கும் அளவு, வந்ததைக் குணப்படுத்தும் அளவு அல்ல.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு ஈர மரத்தூளை அப்படியே விட்டால் பாடுபட்டதெல்லாம் வீண். எச்சத்தில் விழும் ஐமீரியாவின் முட்டைக்கூடு தொற்றும் பக்குவம் அடைய ஈரமும் வெதுவெதுப்பும் ஒன்றிரண்டு நாளும் போதும். சிங்கப்பூரில் முதல் இரண்டும் ஆண்டு முழுக்க இலவசம். குளோராக்ஸ் மாதிரி வெளுப்பானை ஊற்றிக் கழுவினால் மணம் போகும், அந்தக் கூடு போகாது. மரத்தூளைத் தினமும் அள்ளிக் கொட்டி, தரையில் கொதிநீர் ஊற்றி, வெயிலில் நன்றாகக் காயவிடுவதே வழி.

பெயரில் வரும் குழப்பம்

மன்னார்குடியில் இருக்கும் அம்மாவிடம் போனில் “வெள்ளையா போகுதும்மா” என்றேன். “வெள்ளைக் கழிச்சலா? அப்ப பொழைக்காதுடி, மத்ததையாவது காப்பாத்து” என்றார். ஊரில் வெள்ளைக் கழிச்சல் என்றால் ராணிக்கெட் நோய். அது வைரஸ். கழுத்து திருகும், கால் இழுக்கும், மூச்சு இரையும், மந்தையையே சுருட்டும், குணப்படுத்த மருந்து கிடையாது. பிறந்த சில நாளில் சால்மொனெல்லாவால் வரும் வெள்ளைப் பேதி வேறு. வெறும் வெள்ளைத் தொப்பி வேறு. போனில் ஒரு சொல்லை வைத்து நோயை முடிவுகட்டக்கூடாது என்று அன்றைக்குப் புரிந்தது. அம்மா மேல் தவறில்லை, நான் சொன்ன விதம்தான்.

தீனிப்பையைத் தொட்டுப் பார்க்காமல் விடுவது

எல்லா வயிற்றுக் கோளாறும் குடலில் இல்லை. கழுத்துக்குக் கீழே, மார்பின் வலப்பக்கமாகத் தீனிப்பை இருக்கும். இரவு நிறைந்திருப்பது காலையில் காலியாகித் தட்டையாக இருக்க வேண்டும். விடிந்தும் கல்லாட்டம் உருண்டிருந்தால் அடைப்பு, பெரும்பாலும் வெட்டிப்போட்ட நீளப் புல். தண்ணீர்ப் பை போலத் தளதளத்து, அலகில் புளித்த வாடை அடித்தால் உள்ளே பூஞ்சை வளர்கிறது. தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைக்கும் வீடியோக்களைப் பார்த்துச் செய்யாதீர்கள், அதுவும் நுரையீரலில்தான் போய் முடியும்.

கைமருந்தும் தீனியும்

ஊரில் சீரகம், மஞ்சள், சின்ன வெங்காயம் அரைத்து உருட்டிக் கொடுப்பார்கள். சிட்டிகை மஞ்சளால் கெடுதல் வராது, ஆனால் அதை நம்பி இரண்டு நாளைக் கழிப்பதில்தான் கெடுதல். வெங்காயம் அளவு மீறினால் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், ஏற்கெனவே ரத்தம் இழக்கும் குஞ்சுக்கு அது தேவையா? பால் வேண்டாம், கோழிக்குச் செரிக்காது. ஆப்பிள் வினிகரும் ஐமீரியாவைக் கொல்லாது. முட்டைக் கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடாதீர்கள், அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து குஞ்சுக்கு வேண்டியதைப்போல மூன்று நான்கு மடங்கு, சிறுநீரகம் கெடும். மிஞ்சிய பரோட்டாவும் வேண்டாம்.

ஒட்டிக் காய்ந்த எச்சத்தைப் பிய்த்தால் தோலோடு வரும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் துடைத்து, உடனே உலர்த்துங்கள். இதைச் சமையலறைத் தொட்டியில் செய்யாமல் தனி வாளியில் செய்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சால்மொனெல்லா நமக்கும் வரும்.

மருத்துவரிடம் வெறுங்கையோடு போவது

பறவை பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் இங்கே குறைவு. குஞ்சு நன்றாக இருக்கும்போதே ஒருவரைத் தேடி வையுங்கள். போகும்போது அன்றைய எச்சத்தை ஜிப் பையில் எடுத்துச் செல்லுங்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் ஐமீரியாவா, புழுவா என்று அங்கேயே தெரிந்துவிடும், ஊகத்தில் மருந்து வாங்குவதைவிட மலிவு. தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதிய தாளும் உதவும். இறகு சிலிர்த்திருப்பதால் குஞ்சு குண்டாகத் தெரியும், தராசுதான் உண்மை பேசும்.

இரண்டு மூன்று கோழிகள் திடீரென்று செத்தாலோ, கொண்டை நீலம் பாரித்து முகம் வீங்கினாலோ வைத்தியம் பார்க்காதீர்கள், தோட்டத்தில் புதைக்கவும் செய்யாதீர்கள். யாரையும் கிட்ட விடாமல், தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவுக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சல் சந்தேகத்தை மறைப்பது சட்டப்படியும் குற்றம். அபராதம் வருமோ என்று பயந்து பையில் கட்டிக் குப்பையில் போடுவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான தவறு.

குணமானதும் உடனே கூட்டத்தில் விடாதீர்கள். இளைத்த குஞ்சை மற்றவை கொத்தும். கூண்டுக்குள்ளேயே கம்பி வலைத் தடுப்புக்கு அந்தப்பக்கம் மூன்று நான்கு நாள் வைத்து, பிறகு ஒரு மாலை இருட்டும் நேரத்தில் அடையும் கட்டையில் மற்றவற்றின் பக்கத்தில் உட்கார வையுங்கள். என் இரண்டாவது நோயாளிக் குஞ்சை அப்படித்தான் சேர்த்தேன். தனிப்பெட்டிக்குப் போனபோது 290 கிராம், கூட்டத்தில் சேர்த்த அன்று 345. இப்போது முட்டையிடுகிறது, அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். “இதையா சாகும்னு சொன்னேன்?” என்று கேட்டார்.