எலும்புப்புரைக்கு மருந்து தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் இளம் மருத்துவர் ஒருவர் அண்மையில் எலும்புப்புரை நோயாளி ஒருவரின் குறிப்பேட்டில், "மூன்று ஆண்டுகள் டெனோசுமாப் ஊசி போட்டாகிவிட்டது, எலும்பின் அடர்த்தி நன்கு கூடியிருக்கிறது, ஓராண்டு இடைவெளி விட்டுப் பார்க்கலாம்" என்று எழுதியிருந்தார். ஏறத்தாழ இதே சொற்களைப் பல ஆண்டுகளுக்கு முன் நானும் எழுதியிருக்கிறேன். அதன் பலனை அனுபவித்தவர் என் நோயாளி. அந்தக் குறிப்பைத் திருத்தச் சொன்ன கையோடு இதை எழுதத் தொடங்கினேன். மாத்திரையை மறப்பது, ஈரத் தரையில் கவனமின்றி நடப்பது போன்றவற்றைப் பற்றி எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். மருந்தைத் தீர்மானிக்கும் இடத்தில் நேரும் தவறுகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முழங்கால் தேய்மானத்தையும் எலும்புப்புரையையும் ஒன்றாக நினைப்பது

இரண்டையும் பேச்சுவழக்கில் 'எலும்புத் தேய்மானம்' என்றே சொல்கிறோம். முன்னது மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்து வலிப்பது. பின்னது எலும்பின் உட்புறம் சல்லடையாகி, முறியும் நாள்வரை வலியே காட்டாதது.

ஸ்கேன் எண்ணை மட்டும் நம்புவது

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில், அதை இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிடும் எண்ணான டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை என்ற வரையறையை உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்தது. நோய்க்குப் பெயரிட அந்தக் கோடு உதவும். மருந்து வேண்டுமா என்பதை அது தனியாகத் தீர்மானித்துவிடாது. நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே இடுப்பெலும்போ முதுகெலும்போ முறிந்திருந்தால், எண் மைனஸ் 2 என்று இருந்தாலும் அவருக்குச் சிகிச்சை தேவை. முதிய வயதில் முதுகெலும்பின் ஓரங்களில் வளரும் எலும்பு முட்கள் ஸ்கேன் எண்ணை உயர்த்திக் காட்டுவதும் உண்டு. முதுகெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை வெறும் முதுகுவலி என்ற பெயரில் கவனிக்கப்படாமலே போகின்றன. ஆகவே நான் முதலில் உயரத்தை அளக்கிறேன். இளமையில் இருந்ததைவிட நான்கு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால், முதுகின் பக்கவாட்டு எக்ஸ்ரேயைப் பார்க்காமல் மருந்து பற்றிப் பேசத் தொடங்குவதில்லை.

கால்சியம் மாத்திரையே போதும் என்று இருந்துவிடுவது

போதாது.

பக்கவிளைவை ஒரு தட்டில் வைத்து, மறுதட்டைக் காலியாக விடுவது

"தாடை எலும்பு அழுகிவிடுமாமே, டாக்டர்?" என்ற கேள்வி வராத வாரமே இல்லை. அந்த அச்சத்தை நான் அலட்சியப்படுத்துவதில்லை; அப்படி ஒரு பாதிப்பு உண்மையாகவே இருக்கிறது. ஆனால் புற்றுநோயாளிகளுக்குத் தரப்படும் உயர்ந்த அளவுகளில்தான் அது அதிகம் காணப்படுகிறது. எலும்புப்புரைக்கான அளவில், 10,000 பேர் ஓராண்டு மருந்து எடுத்துக்கொண்டால் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ வரக்கூடியது அது. பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முதலில் பிடுங்கி, புண் ஆறிய பின் மருந்தைத் தொடங்குவது அந்த அபாயத்தை மேலும் குறைக்கும்.

மறுதட்டில் என்ன இருக்கிறது? ஆண்டுக்கு ஒருமுறை ட்ரிப்பாக ஏற்றும் சோலெட்ரானிக் அமிலம் பற்றி 2007இல் வெளிவந்த பெரிய ஆய்வில், மூன்று ஆண்டுகளில், வெற்று மருந்து பெற்ற பெண்களில் 10.9 சதவீதத்தினருக்கு முதுகெலும்பு முறிந்தது. மருந்து பெற்றவர்களில் 3.3 சதவீதத்தினருக்கே முறிந்தது. இடுப்பெலும்பு முறிவு 2.5 சதவீதத்திலிருந்து 1.4ஆகக் குறைந்தது. இதை '41 சதவீதம் குறைவு' என்று மட்டும் சொல்லி நோயாளியின் கையில் மருந்துச் சீட்டைக் கொடுப்பதும் நேர்மையன்று; நூறு பேரில் ஒருவர் தப்புகிறார் என்பதே அதன் பொருள். அதே மூச்சில், இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டையும் கேட்ட பிறகு ஒருவர் மருந்து வேண்டாம் என்றால், அது அவருடைய முடிவு, நான் மதிக்கிறேன்.

தொடையில் புதிதாக வலி வந்தும் சொல்லாமல் இருப்பது

எலும்பு அரிப்பைத் தடுக்கும் மருந்துகளை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களில் மிகச் சிலருக்குத் தொடை எலும்பு வழக்கத்துக்கு மாறான இடத்தில் விரிசல் விடும். தொடையிலோ கவட்டிலோ வலி வந்தால் அன்றே சொல்லுங்கள்.

வெளிவரும் வழியை யோசிக்காமல் ஆறு மாத ஊசியைத் தொடங்குவது

நான் இன்றும் பொறுமை இழக்கும் இடம் இதுதான். டெனோசுமாப் ஊசி 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒப்புதல் பெற்றது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் ஒரு சிறு ஊசி. வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்கிவிட்டு அரைமணி நேரம் படுக்காமல் இருக்கும் தொல்லை இல்லை. முதுகெலும்பு முறிவைப் பெரிய ஆய்வில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் குறைத்த மருந்து. நல்ல மருந்து என்றே இன்றும் சொல்வேன்.

அதற்கு முன் நாங்கள் பழகியிருந்தவை அலெண்ட்ரோனேட் மாத்திரை, சோலெட்ரானிக் அமிலம் போன்ற பிஸ்பாஸ்பனேட் வகை மருந்துகள். அவை எலும்பிலேயே படிந்து, நிறுத்திய பின்னும் ஆண்டுக்கணக்கில் வேலை செய்பவை. அதனால்தான் முறிவு அபாயம் குறைந்தவர்களுக்கு, மாத்திரையாக ஐந்து ஆண்டுகளோ ட்ரிப்பாக மூன்று ஆண்டுகளோ ஆன பின் இடைவெளி விடுவது பாதுகாப்பாக இருந்தது. அந்தப் பழக்கத்தை அப்படியே இந்த ஊசிக்கும் கொண்டுவந்தேன்.

டெனோசுமாப் எலும்பில் தங்குவதில்லை. எலும்பை அரிக்கும் செல்கள் உருவாகத் தேவையான சமிக்ஞையை அது தடுத்து நிறுத்துகிறது. ஆறு மாதத்தில் அதன் பிடி தளர்ந்ததும், அணை திறந்ததுபோல் அந்தச் செல்கள் ஒரே சமயத்தில் வேலையைத் தொடங்குகின்றன. அரிப்பின் வேகம் சிகிச்சைக்கு முன் இருந்ததையும் தாண்டிப் போகிறது. ஈட்டிய அடர்த்தி ஓரிரண்டு ஆண்டுகளில் கரைந்துவிடுகிறது. சிலருக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பல முதுகெலும்புகள் முறிகின்றன. ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்தவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

என் நோயாளிக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. நான்கு ஆண்டுகள் ஒரு ஊசியும் தவறாமல் வந்தவர். ஸ்கேன் முடிவைப் பார்த்து மகிழ்ந்து, ஓராண்டு ஓய்வு கொடுக்கலாம் என்றேன். கடைசி ஊசி போட்ட பதினோராம் மாதம், மேசை விளிம்பை இரு கைகளாலும் பற்றியபடி என் அறைக்குள் வந்தார், உட்கார முடியவில்லை. விழவில்லை, பாரம் தூக்கவில்லை, படுக்கையில் திரும்பிப் படுத்திருக்கிறார், அவ்வளவுதான். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் மூன்று முதுகெலும்புகள் முன்புறம் நசுங்கி ஆப்புபோல் தெரிந்தன. "நீங்கள் சொல்லித்தானே நிறுத்தினேன்?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். இந்த ஆபத்து அன்று பரவலாகத் தெரிந்திருக்கவில்லை என்று என்னால் சமாதானம் சொல்ல முடியும். ஆறு மாதத்தில் உடலை விட்டுப் போகும் மருந்து என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது; அதற்குப் பின் என்ன என்று நான் கேட்கவில்லை.

இன்று எல்லாருக்கும் தெரிந்திருந்தும் இது நடப்பதுதான் என்னை வருத்துகிறது. சக்கர வியூகத்துக்குள் நுழைய மட்டும் கற்றுக்கொண்ட அபிமன்யுவைப்போல் நோயாளியை உள்ளே அனுப்பிவிடுகிறோம். நிறுத்த வேண்டியிருந்தால், கடைசி ஊசியிலிருந்து ஆறு மாதம் ஆகும் தறுவாயில் அலெண்ட்ரோனேட் அல்லது சோலெட்ரானிக் அமிலத்துக்கு மாற்றியாக வேண்டும். ஒரே ட்ரிப் போதாமல் மீண்டும் தேவைப்படலாம் என்பதால் எலும்பு அரிப்பின் வேகத்தைக் காட்டும் சி.டி.எக்ஸ் இரத்தப் பரிசோதனையையும் தொடர வேண்டும். கடைசி ஊசியிலிருந்து ஏழு மாதத்தைத் தாண்டினாலே ஆபத்து. பயணம், மருத்துவமனைச் சேர்க்கை, பணமுடை எல்லாம் அந்தக் கணக்கில் வரும். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு மாற்று மருந்துகளும் கடினம். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இந்த ஊசியால் கால்சியம் அபாயகரமாக இறங்கக்கூடும் என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2024இல் கடுமையான எச்சரிக்கை விடுத்தது.

ஒரு ஊசியின் விலையை ஒப்பிடுவது

செலவை ஊசிக்கு ஊசி ஒப்பிட்டால் கணக்கு தவறும். ஐந்து ஆண்டுகளுக்கு எவ்வளவு, அதை முடித்து வெளிவர எவ்வளவு, இடையில் பணத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். அலெண்ட்ரோனேட் மலிவு; ஆனால் உணவுக்குழாய்ப் புண் உள்ளவருக்கு அது பொருந்தாது, ஒரே ஆண்டில் பலர் அதைக் கைவிட்டும் விடுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு ட்ரிப் முதல்முறை ஓரிரு நாள் காய்ச்சலும் உடல்வலியும் தரலாம். வைட்டமின் டி குறைவைச் சரிசெய்து, சிறுநீரகம் தாங்குமா என்று பார்த்த பின் கொடுத்தால், தவணை சில வாரம் தள்ளிப்போனாலும் எலும்பு சரிந்துவிடாது. வருமானம் நிலையில்லாத குடும்பத்துக்கு நான் பெரும்பாலும் அதையே சொல்கிறேன். டெரிபாரடைட் புது எலும்பை வளர்ப்பது, விலை மிக அதிகம்; அதைத் தொடர்ந்து வேறொரு மருந்தால் காக்காவிட்டால் வளர்ந்தது கரைந்துவிடும், ஆகவே இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

இளம் மருத்துவர் அந்தக் குறிப்பைத் திருத்தி எழுதிக் காட்டினார். ட்ரிப் போடும் தேதி, அதற்கு முன் செய்ய வேண்டிய இரத்தப் பரிசோதனைகள், சி.டி.எக்ஸ் பார்க்கும் மாதம் எல்லாம் இருந்தன. அந்தத் தேதியில் நோயாளி வராவிட்டால் யார் தொலைபேசியில் அழைப்பது என்று கேட்டேன். தன் பெயரை எழுதிக்கொண்டார்.