தாலியா, சான்றிதழா? கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் ஆவண எழுத்தர் நான். மாலையும் கழுத்துமாக வந்து நிற்பவர்கள் முதலில் கேட்பது, "ஐயா, ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு எவ்வளவு செலவாகும்?" செலவு இருக்கட்டும். கல்யாணம் ஏற்கெனவே ஆகிவிட்டதா, இனிமேல்தானா? இருவரும் என்ன மதம்? இந்த இரண்டுக்கும் பதில் சொன்னால்தான் எந்தப் படிவத்தை எடுப்பது என்று எனக்குத் தெரியும்.

இருவரும் இந்துக்கள் என்றால், 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் முதலில் சடங்கைத்தான் பார்க்கிறது. மாப்பிள்ளை வீட்டு வழக்கமோ பெண் வீட்டு வழக்கமோ, ஏதாவது ஒன்றின்படி நடந்திருக்க வேண்டும். ஏழடி வைக்கும் வழக்கமுள்ள குடும்பத்தில் ஏழாவது அடியோடு திருமணம் நிறைவாகிறது. நம் மாநிலத்தில் இன்னொரு கதவும் உண்டு: அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் நிறைவேறிய 7-ஏ பிரிவு, அதாவது சுயமரியாதைத் திருமணம். புரோகிதர் வேண்டாம், அக்னி வேண்டாம். உறவினரோ நண்பர்களோ முன்னிலையில், "உன்னை மனைவியாக ஏற்கிறேன்", "உங்களைக் கணவராக ஏற்கிறேன்" என்று இருவருக்கும் புரிகிற மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஒன்று நடந்தாலே கல்யாணம்தான்.

இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மனைவி இருக்கும்போதே இன்னொரு பெண்ணுக்குத் தாலி கட்டிய ஒருவர், "இரண்டாவதில் ஏழடி வைக்கவில்லை, ஆகவே அது கல்யாணமே இல்லை" என்று உச்ச நீதிமன்றம் வரை வாதாடினார். தமிழ்நாட்டில் மாலை மாற்றித் தாலி கட்டியதே போதும் என்று 2001-ல் தீர்ப்பு வந்தது. இருதாரக் குற்றத்திலிருந்து அவர் தப்பவில்லை.

சடங்கு முடிந்தவர்கள் அடுத்துச் செய்ய வேண்டியது பதிவு. தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள் அவகாசம். வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படங்கள், அழைப்பிதழ் அல்லது கோயில் ரசீது, சாட்சிகள் ஆகியவற்றோடு வாருங்கள். பதியவில்லை என்பதற்காக இந்துத் திருமணம் செல்லாமல் போய்விடாது. ஆனால் விதவை ஓய்வூதியம், விசா என்று வரும்போது அந்தத் தாள் இல்லாமல் அலைய வேண்டியிருக்கும்.

எதிர்த்திசையில்தான் பெரிய ஆபத்து. சடங்கு எதுவும் செய்யாமல், ஏதோ ஒரு சங்கத்தில் "திருமணம் நடந்தது" என்று சான்று வாங்கி, அதை இந்து திருமணச் சட்டத்தில் பதிந்துகொண்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அப்படிச் செய்த ஒரு ஜோடியின் வழக்கில் 2024-ல் உச்ச நீதிமன்றம் அது திருமணமே இல்லை என்று சொல்லிவிட்டது. நடந்த கல்யாணத்துக்குத்தான் பதிவு சாட்சி சொல்லும். கல்யாணத்தை அது செய்து வைக்காது.

அதிகாரி முன்னிலையிலேயே கல்யாணம் நடக்க வேண்டுமானால் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்துக்கு வாருங்கள். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்தால் அலுவலகத்தில் ஒட்டுவார்கள். நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் அங்கேயும் நகல் போகும். வீட்டுக்குத் தெரியாமல் செய்ய நினைப்பவர்கள் முகம் சுருங்குவது இந்த இடத்தில்தான். தெரிந்துகொள்ளுங்கள்: 30 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம், ஆனால் வயது, ஏற்கெனவே உள்ள துணை, தடைசெய்யப்பட்ட உறவு போன்ற சட்டக் காரணம் வேண்டும். "சாதி வேறு", "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்பதெல்லாம் காரணமாகாது. அதன்பின் மூன்று சாட்சிகளோடு வந்து உறுதிமொழி சொல்லிக் கையெழுத்திட்டால் முடிந்தது. நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் நடத்தாவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தேவாலயத்தில் உரிமம் பெற்ற பாதிரியார் நடத்தும் திருமணமும், முறைப்படி நடக்கும் நிக்காஹும் சட்டப்படியே திருமணங்கள்தான். அங்கே வேறு கல்யாணம் தேவையில்லை. மதம் மாறாமல் இந்துவும் கிறிஸ்தவரும் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு வந்தால்தான் நான் தலையில் கை வைக்கிறேன். இந்து திருமணச் சட்டத்துக்கு இருவருமே இந்துக்களாக இருக்க வேண்டும். அந்தத் தாலியை நம்பி இருக்காதீர்கள், சிறப்புத் திருமணச் சட்டத்தில் புதிதாக நோட்டீஸ் கொடுங்கள்.

சொத்துக் கணக்கும் மாறும். மதம் கலந்த ஜோடி சிறப்புச் சட்டத்தில் மணந்தால் அவர்களுடைய வாரிசுரிமை 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்குப் போகிறது; கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்ததாகவும் கருதப்படுவார்கள். இருவரும் இந்துக்களாக இருந்தால் இந்த மாற்றம் இல்லை. நிலம், வீடு உள்ள குடும்பம் என்றால் இதை மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், என் மேஜையோடு முடித்துக்கொள்ளாதீர்கள்.

கையெழுத்துப் போடும் முன் பெயரின் ஒவ்வோர் எழுத்தையும், முன்னெழுத்தையும் ஆதார், பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னால் திருத்துவதற்கு ஆகும் அலைச்சல் கல்யாணச் செலவை விட அதிகம்.