குளிர்காலப் பௌர்ணமி இரவை நிதானமாகக் கழிப்பது எப்படி?

சில ஆண்டுகளாகக் குளிர்காலத்துப் பௌர்ணமி இரவுகளை எனக்கென்று ஒதுக்கி வைக்கிறேன். படுத்து ஓய்வெடுப்பது, உடலை மெதுவாக அசைப்பது, கொஞ்சம் எழுதுவது, இவ்வளவுதான். ஒன்றரை மணி நேரம் போதும். முதல் இரண்டு முறை உட்கார்ந்ததுமே நோட்டைத் திறந்துவிட்டேன். மறுநாள் செய்ய வேண்டிய வேலைகள்தான் வரிசையாக வந்து விழுந்தன. அதற்கப்புறம் ஓய்வு முதலில், அசைவு அடுத்து, எழுத்து கடைசியில் என்று மாற்றிக்கொண்டேன். இந்த வரிசையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நேரம்

பௌர்ணமியன்று முடியவில்லையா, முந்தைய நாளோ மறுநாளோ செய்யுங்கள். அப்போதும் நிலவு ஏறத்தாழ 99 சதவீதம் ஒளிர்ந்துதான் இருக்கும். சூரியன் மறைகிற நேரத்தை ஒட்டி எழும், விடிகிற நேரத்தை ஒட்டி மறையும். குளிர்காலத்தில் சூரியன் வானத்தில் தாழ்வாகப் போகும். அதற்கு நேர் எதிரே நிற்பது பௌர்ணமி நிலவு என்பதால், அது உயரமாக ஏறி நெடுநேரம் தங்கும். பூமியின் தென்பாதியில் இதே காட்சி ஜூன், ஜூலையில் கிடைக்கும்.

நள்ளிரவில் நிலவு தலைக்கு மேல் போய்விடுவதால் ஜன்னலிலிருந்து பார்க்க முடியாது. நிலவு எழுந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில், சாய்வான ஒளி அறைக்குள் விழும்போது தொடங்குவதுதான் எனக்குப் பிடிக்கும்.

எடுத்துவைக்க வேண்டியவை

கம்பளி, தடித்த சாக்ஸ், கோடில்லாத வெள்ளைத் தாள், கறுப்பு மார்க்கர். அவசரத்துக்கு ஒரு சிவப்பு விளக்கு. சைக்கிளின் பின்புற விளக்கே போதும். மெழுகுவர்த்தியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சுடர் அழகுதான், ஆனால் கண் அதையே பார்த்துக்கொண்டிருக்கும், நிலவொளி மங்கிவிடும். மணியடிக்கும் டைமர்களும் எனக்கு ஒத்துவரவில்லை.

முதல் படி: படுத்துக் கண்ணைப் பழக்குவது

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். விளக்கை அணைத்த கையோடு அசைவுகளைத் தொடங்கினேன். அடுத்த நிலை என்ன என்று போனைப் பார்த்தேன், கீழே வைத்தேன், ஒற்றைக் காலில் நின்றேன். சுற்றிலும் ஒரே கறுப்பு. அப்படியே சாய்ந்து விழுந்து கணுக்கால் பிசகிவிட்டது. ஒரு வாரம் நடக்கக் கஷ்டப்பட்டேன்.

காரணம் பின்னால்தான் புரிந்தது. மங்கலான ஒளியில் நமக்கு உதவுவது விழித்திரையின் குச்சி செல்கள். அவை இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். வெளிச்சமான திரையை ஒரு கணம் பார்த்தாலே, பழகியதில் பெரும்பகுதி போய்விடும். அப்புறம் மறுபடியும் காத்திருக்க வேண்டியதுதான். நிலவொளி கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரிந்தாலும் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் அலகில் ஏறத்தாழ கால் லக்ஸ்தான், வீட்டு விளக்கு வெளிச்சத்தோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். உடல் நிலையாக நிற்பதற்குக் கண்ணும் துணை செய்கிறது. சுவரோ கதவோ தெரியாதபோது கால் தள்ளாடுவது இயல்பு. குச்சி செல்களுக்குச் சிவப்பு ஒளி அவ்வளவாக உறைக்காது, சிவப்பு விளக்கைச் சொன்னது அதற்காகத்தான். போனின் மஞ்சள் நிற இரவு முறை இதற்கு ஈடாகாது.

எனவே போனை அடுத்த அறையில் வையுங்கள். கம்பளியைப் போர்த்தி அரை மணி நேரம் சும்மா படுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதைச் சற்று நீளமாக்குங்கள், எண்ண வேண்டாம். முதலில் ஜன்னல் சட்டம் புலப்படும், பிறகு சுவரில் நிழல், அப்புறம் உங்கள் விரல்கள். மங்கலான ஒன்றை நேராகப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பாருங்கள், இன்னும் தெளியும். விழித்திரையின் நட்டநடுவில் குச்சி செல்கள் கிடையாது. இருட்டிலிருந்து அறை மெல்ல மெல்ல எழுந்து வருவதைப் பார்த்துக்கொண்டே கிடப்பதுதான் இந்த இரவிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி. இதைத் தயவுசெய்து சுருக்காதீர்கள்.

இரண்டாம் படி: அசைவு

எழுந்து இரண்டு காலிலும் நில்லுங்கள். எடையை இடது பாதத்துக்கும் வலது பாதத்துக்கும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். தோள், இடுப்பு, கணுக்கால் மூன்றையும் மெதுவாகச் சுழற்றுங்கள். பிறகு நான்கைந்து தப்படி முன்னே, அதே அளவு பின்னே. குதிகால் படுவதும் விரல் கிளம்புவதும் தனித்தனியாகத் தெரியும் வேகம் போதும். குளிரில் தசை இறுகியிருக்கும், ஆழமாகக் குனிய வேண்டாம். சந்திர நமஸ்காரம் தெரிந்தவர்கள் செய்யலாம், பாதி வேகத்தில், சுவர் கைக்கெட்டும் தூரத்தில். அஷ்டாங்க யோக மரபில் பௌர்ணமியன்று பயிற்சிக்கே விடுமுறை. அன்று குறைவாகச் செய்வதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. பதினைந்து நிமிடம் போதும்.

மூன்றாம் படி: எழுத்து

பெரிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும். நான் கேட்டுக்கொள்வது ஒரே கேள்வி: போன பௌர்ணமியிலிருந்து இன்றுவரை எதைத் தூக்கிச் சுமந்தேன்? இடையில் 29 நாட்களுக்கு மேல் போயிருக்கும். அவ்வளவு நாளும் சுமந்தது பெரும்பாலும் இரண்டு மூன்று வரியில் முடிந்துவிடும். எழுதியதை அன்றே படிக்காதீர்கள்.

பிறகு உடனே தூக்கம் வராவிட்டால் கவலைப்படாதீர்கள். 2021-ல் ஸயன்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்த ஆய்வு, அர்ஜென்டினாவின் டோபா பழங்குடிச் சமூகங்களிலும் சியாட்டில் மாணவர்களிடமும் பௌர்ணமிக்கு முந்தைய நாட்களில் தூக்கம் தள்ளிப்போய்க் குறைந்ததைப் பதிவு செய்திருக்கிறது. மறுநாள் காலை வேலையைக் கொஞ்சம் இளக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை

மேகம் மூடினால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். மெல்லிய மேகமென்றால் தொடருங்கள், வானம் முழுக்கப் பரவலான ஒளி இருக்கும். அடர்ந்து மூடிவிட்டால் முதல் படியை மட்டும் செய்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

மேற்குப் பக்கம் மட்டுமே ஜன்னல் உள்ள ஒருவர் நிலவே கண்ணில் படவில்லை என்று எழுதியிருந்தார். நான் மாலையை மட்டும் மனதில் வைத்து எழுதிவிட்டேன், அது என் தவறு. உங்களுக்கு விடிகாலைதான் சரி. சூரியன் எழ இரண்டு மணி நேரம் இருக்கும்போது எழுந்து, விளக்கைப் போடாமலே தொடங்குங்கள். தூங்கி எழுந்த கண் ஏற்கெனவே இருட்டுக்குப் பழகியிருக்கும், அதனால் பத்து நிமிடம் படுத்திருந்தாலே போதும்.