குளிரும் கொந்தளிப்புமான வாரம்: வானிலைக் கணிப்பைச் சரியாகப் படிப்பது எப்படி

ஏழு நாளுக்கு ஏழு மேகப் படம், ஒவ்வொன்றின் கீழும் இரண்டு துளி, 6 டிகிரி. வடகோளத்தின் நடு அட்சரேகை நாடுகளில் இலையுதிர்காலம் முடியும் தறுவாயில் கைப்பேசிச் செயலி காட்டுவது பெரும்பாலும் இதுதான். அதே 6 டிகிரி ஈரமான தென்மேற்குக் காற்றோடு வந்தால் நாள் முழுக்கத் தூறல். வடமேற்கிலிருந்து வந்தால் வெயிலும் ஆலங்கட்டி மழையும் மாறி மாறி. காற்றே அசையாவிட்டால் மூடுபனி. ஆகவே படத்தையும் வெப்பநிலையையும் கடைசியில் பார்க்கலாம். முதலில் அழுத்தம், அடுத்தது காற்று.

அழுத்த வரைபடம்

உங்கள் நாட்டு வானிலைத் துறை வெளியிடும் தரைமட்ட அழுத்த வரைபடத்தைத் திறந்ததும் அதன் மூலையிலுள்ள நேரத்தைப் பாருங்கள். அது யூடிசி நேரம், அதாவது உலகப் பொது நேரம். உள்ளூர் நேரத்துக்கு மாற்றாமல் படித்தால் காலையில் வரவேண்டிய மழையை மதியத்துக்குக் கணக்குப் போட்டுவிடுவீர்கள்.

ஒரே அழுத்தமுள்ள இடங்களை இணைக்கும் சம அழுத்தக் கோடுகள் பொதுவாக 4 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) இடைவெளியில் இருக்கும். அவை நெருங்க நெருங்கக் காற்று வலுக்கும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் காற்றழுத்தத் தாழ்வு இடக்கைப் பக்கம் இருக்கும். தென்கோளத்தில் வலக்கைப் பக்கம். 1857-இல் டச்சு வானிலையாளர் பைஸ் பாலட் வகுத்த இந்த விதி, வரைபடம் கையில் இல்லாதபோதும் உதவும்.

அடுத்து வளிமுகங்கள், அதாவது வெப்பக் காற்றும் குளிர்க் காற்றும் சந்திக்கும் எல்லைகள். சிவப்பு அரைவட்டங்கள் வெப்ப வளிமுகம், நீல முக்கோணங்கள் குளிர் வளிமுகம், ஊதா நிறத்தில் இரண்டும் கலந்திருந்தால் இணைந்த வளிமுகம். நிலையற்ற வாரம் என்பது இவை ஒன்றன்பின் ஒன்றாக வரும் வாரம். இரண்டு தாழ்வுகளுக்கு நடுவே அரை நாளோ ஒரு நாளோ அழுத்தம் கூடி, வானம் வெளுக்கும். வெளிவேலை எதுவானாலும் அந்த இடைவெளிக்குத்தான் திட்டமிட வேண்டும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை, ஏனென்றால் செயலி அந்த நாளுக்கும் துளி போட்டிருக்கும்.

வெப்ப வளிமுகம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும். முதலில் இழை இழையாக உயர்மேகம், பிறகு சூரியனையோ நிலவையோ சுற்றி ஒளிவட்டம், பிறகு தேய்த்த கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் மங்கிய சூரியன், கடைசியில் தாழ்ந்த சாம்பல் மேகமும் விடாத மழையும். குளிர் வளிமுகம் அப்படியல்ல. சற்று நேரம் கனமழை, திடீர் திடீரென்று பலத்த காற்று வீச்சு, காற்று தென்மேற்கிலிருந்து வடமேற்குக்குத் திரும்பும், அழுத்தம் சட்டென்று ஏறும், வெப்பநிலை இறங்கும். அதன்பின் வானம் கழுவிவிட்டதுபோல் தெளிந்திருக்கும். ஆனால் விட்டுவிட்டுச் சாரல் வரும்.

வீட்டில் அழுத்தமானி இருந்தால் அதைக் கடல்மட்ட அளவுக்குத் திருத்தி வையுங்கள். 8 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். அது காட்டும் எண்ணைவிட அது விழும் வேகம்தான் பேசும். 3 மணி நேரத்தில் 3.6-க்கு மேல் இறங்கினால் வேகமான சரிவு. 6-ஐத் தாண்டினால் தோட்டத்து நாற்காலிகளை உடனே உள்ளே எடுத்துவிடுங்கள்.

மழையா, பனியா?

இந்த வாரத்தின் தலைவலியே இதுதான். கணிப்பு அதிகம் சறுக்குவதும் இங்கேதான். 3 டிகிரி என்றால் மழை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பனிப்புள்ளியையும், அதாவது காற்றிலுள்ள ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையையும், சேர்த்துப் பாருங்கள். வெப்பநிலை 3, பனிப்புள்ளி 2 என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலை (நீர் ஆவியாவதால் காற்று குளிரக்கூடிய அளவு) சுமார் 2.5, மழைதான். அதே 3 டிகிரியில் பனிப்புள்ளி −4 என்றால் ஈரக்குமிழ் சுமார் 0.5-க்கு வந்துவிடும். வறண்ட காற்றில் விழும் துளி ஆவியாகி, காற்றைக் குளிர்வித்துக்கொண்டே இறங்குவதால், மழையாகத் தொடங்கியது சிறிது நேரத்தில் பனியாக மாறலாம்.

மலைப்பகுதிகளுக்கான கணிப்பில் உறைநிலை உயரம், அதாவது வெப்பநிலை 0 டிகிரியாகும் உயரம், என்று ஓர் எண் இருக்கும். பனி அந்த உயரத்தோடு நின்றுவிடாது. பொதுவாக 200 முதல் 300 மீட்டர் கீழே வரை இறங்கும். மழை வலுத்து, காற்றும் ஓய்ந்திருந்தால் இன்னும் கீழே வரும், ஏனெனில் உருகும் பனி சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. உத்தேசக் கணக்குக்கு 1 மில்லிமீட்டர் நீர், 1 சென்டிமீட்டர் புதுப்பனி. ஈரப்பனி அந்த அளவு உயராது. ஆனால் எடை அதிகம். இலை உதிராத மரக்கிளைகள் முறிவது அதனால்தான்.

பெரிய ஏரியோ கடலோ காற்று வரும் பக்கம் இருந்தால் ஒரு கணக்கு கூடுதல். நீர்ப்பரப்புக்கும் சுமார் 1500 மீட்டர் உயரக் காற்றுக்கும் 13 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், கரையோரம் ஒரு பட்டையில் பனி கொட்டும்; சற்றுத் தள்ளி வெயிலடிக்கும். வட அமெரிக்கப் பேரேரிகளின் கரைகளில் இது வழக்கம்.

உயரமும் இரவும்

கணிப்பு மாடல்கள், அதாவது வானிலையைக் கணக்கிடும் கணினி நிரல்கள், நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. நடுத்தரக் கால வானிலைக் கணிப்புக்கான ஐரோப்பிய மையத்தின் மாடலில் ஒரு கட்டம் சுமார் 9 கிலோமீட்டர். குன்றும் பள்ளத்தாக்கும் அதில் மழுங்கிவிடும். செயலி சொல்லும் ஊர் 100 மீட்டர் உயரத்திலும் நீங்கள் 500 மீட்டரிலும் இருந்தால் பகலில் இரண்டரை டிகிரி கழித்துக்கொள்ளுங்கள். தெளிந்த, காற்றில்லாத இரவில் இது தலைகீழாகும்: குளிர்காற்று கனமாக இருப்பதால் பள்ளத்தில் தேங்கி, மேட்டைவிடப் பள்ளம் குளிர்ந்துவிடும்.

அறிவிக்கும் வெப்பநிலை தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் அளவு உயரத்தில் நிழலில் அளப்பது. தெளிந்த இரவில் புல்லும் கார்க்கண்ணாடியும் அதைவிடச் சில டிகிரி கீழே போகும். ஆகவே இரவின் மிகக் குறைந்த வெப்பநிலை 3 டிகிரி, வானம் தெளிவு, காற்று மெல்லியது என்று மூன்றும் சேர்ந்தால் உறைபனியை எதிர்பாருங்கள். மிக மோசமான வரிசை இது: மாலையில் குளிர் வளிமுகத்தின் மழை, இரவில் வானம் தெளிதல், விடியுமுன் காற்று அடங்குதல். சாலையில் தூவிய உப்பை மழை அடித்துப் போயிருக்கும். ஈரம் உறைந்து கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலமாகும். மேலிருந்தும் கீழிருந்தும் குளிர்வதால் பாலங்கள் முதலில் உறையும்.

எண்களில் வரும் குழப்பம்

மழைக்கு 40 சதவீத வாய்ப்பு என்றால் 40 சதவீத நேரம் மழை என்று பொருளில்லை, மழையின் அளவையும் அது சொல்லாது. அதே மாதிரிக் கணிப்பு வந்த பத்து நாட்களில் நான்கில் அந்த இடம் நனையும், அவ்வளவே. மில்லிமீட்டர் அளவைத் தனியாகப் பாருங்கள்.

காற்றில் சராசரியைவிட உச்ச வீச்சே முக்கியம். வேகம் இரட்டித்தால் அழுத்தும் விசை நான்கு மடங்கு. 0 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால் திறந்த தோலுக்கு −6 போல் உறைக்கும்; ஆனால் தண்ணீர்க் குழாயோ கார் இன்ஜினோ 0-க்குக் கீழே போகாது. உடைக்கு உணரும் வெப்பநிலை, குழாய்க்கு உண்மை வெப்பநிலை.

எத்தனை நாள் நம்பலாம்?

தொகுப்புக் கணிப்பைப் பாருங்கள். ஐரோப்பிய மையம் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி 51 முறை ஓட்டுகிறது. வரைபடத்தில் அந்த 51 ஓட்டங்களின் கோடுகள் ஒட்டிச் செல்லும்வரை நாளும் நேரமும் குறிக்கலாம். விரிந்த பிறகு ‘வாரக் கடைசியில் குளிரக்கூடும்’ என்பதற்கு மேல் எழுதாதீர்கள். கொந்தளிப்பான வாரத்தில் அந்த விரிவு நான்காம் நாளிலேயே தொடங்கிவிடலாம். ஐந்தாம் நாளின் மூன்று மணி மழையைச் செயலி காட்டினாலும் அதை நம்பித் துணி காயப்போட வேண்டாம்.

ஒரு தாளில் நாளுக்கு ஒரு வரி எழுதிக்கொள்வது போதும்: வளிமுகம் கடக்கும் நேரம், அதற்கு முன்னும் பின்னும் காற்றின் திசை, உச்ச வீச்சு, மழையளவு, இரவின் பனிப்புள்ளி. முதல் வளிமுகம் வருவதற்குள் கூரைத் தகரக் கால்வாயிலும் வடிகால் வாயிலும் சேர்ந்த சருகுகளை அள்ளிவிடுங்கள்; 10 மில்லிமீட்டர் மழைக்கே சாலை குளமாவது பெரும்பாலும் அந்த அடைப்பால். முக்கிய மாடல் ஓட்டங்கள் யூடிசி 0 மணிக்கும் 12 மணிக்கும் தொடங்கிச் சில மணி நேரம் கழித்து வெளிவரும், எனவே தாளைத் திருத்த நாளுக்கு இரண்டு முறை பார்த்தால் போதும்.