சாயம் கிருமியைத் தடுக்கிறதா? நிறத்தை நம்பாமல் சோதிப்பது எப்படி

புதிதாகத் தயாரித்த அசோ சாயம் (இரண்டு நைட்ரஜன் அணுக்களின் பிணைப்பால் நிறம் பெறும் செயற்கைச் சாயம்) கிருமியைத் தடுக்கிறதா என்று சோதித்துவிட்டு, "பெரிய வளையம் வந்திருக்கிறது" என்று தட்டோடு வரும் மாணவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வளையமா, கறையா? வளையம் என்றால் சாயம் விட்ட குழியைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம். ஆனால் கிருமி வளர்க்கும் கூழான அகாரில் சாயம் வெறுமனே ஊறினாலும் வட்டமாகத்தான் பரவும். தட்டைக் கவிழ்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நிறம் ஏறிய இடத்திலும் பாக்டீரியாப் படலம் மங்கலாகத் தெரிந்தால் அது வெறும் கறை. படலமே இல்லாத பகுதியின் விட்டத்தை மட்டும் அளந்து குறியுங்கள்.

தட்டு தயாரிப்பது வழக்கம்போலத்தான். முல்லர்-ஹிண்டன் என்ற வகை அகார், 4 மி.மீ. உயரம். கிருமிக் கலவையின் கலங்கல் 0.5 மெக்ஃபார்லண்ட் (கிருமியின் அடர்த்தியைக் கலங்கலால் குறிக்கும் அளவு). வெளிச்சவ்வு இல்லாத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஒன்று, அது உள்ள ஈ. கோலை ஒன்று என இரு வகைப் பாக்டீரியாவும் இருக்கட்டும். அந்தச் சவ்வு இருப்பதால் ஈ. கோலை பல சாயங்களுக்கு அசையாது. சாயத்தை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தால், அதே அளவு வெறும் டிஎம்எஸ்ஓவை ஒரு குழியில் கட்டாயம் விடுங்கள். இன்னொன்றில், ஒப்பிட்டுப் பார்க்க, ஜென்டமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து. 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் வையுங்கள்.

வளையம் சிறியது என்றால் சாயம் பலவீனமானது என்று உடனே எழுதிவிடாதீர்கள். நேர்மின்னேற்றம் கொண்ட சாயங்கள் அகாரோடு ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கும். அதனால் திரவ ஊடகத்தில் நீர்த்துப் பார்க்கும் சோதனையைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

அங்கேதான் உண்மையான தலைவலி. இந்தச் சோதனையில் சிறு குழிகள் கொண்ட தட்டில் திரவத்தை விட்டு, கிருமி வளர்ந்ததா என்பதைக் கலங்கலை வைத்துப் பார்ப்போம்; அடர்நிறக் குழியில் அது கண்ணுக்குத் தெரியாது. உயிருள்ள கிருமியைக் காட்டும் ரெசசூரின் என்ற நிறங்காட்டியைப் போட்டால், கிருமி இருக்கும் குழியில் நீலம் இளஞ்சிவப்பாக மாற வேண்டும். சாயமே சிவப்பு என்றால் எதைப் பார்ப்பது? கலங்கலைக் கருவியில் அளப்பதானால், கிருமி சேர்க்காமல் சாயமும் ஊடகமும் மட்டும் உள்ள ஒரு வரிசையை வைத்து, அந்த அளவைக் கழித்துவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு குழியிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, நன்றாக நீர்த்து, புது அகாரில் பூசிக் காலனிகளை எண்ணுங்கள். தொடக்கத்திலும் ஒருமுறை எண்ணி வைத்திருந்தால், கிருமி செத்ததா, பெருகாமல் நின்றதா என்பதும் தெரிந்துவிடும்.

வெளிச்சத்தையும் மறக்கக் கூடாது. மெத்திலீன் நீலம் போன்றவை ஒளி பட்டால் வீரியமுள்ள ஆக்சிஜனை உண்டாக்கிக் கிருமியைத் தாக்கும். ஒரு தொகுதியை அலுமினியத் தாளால் மூடி இருட்டிலும், மற்றதை வெளிச்சத்திலும் வைத்து ஒப்பிடுங்கள்.

எதுவுமே நடக்கவில்லையா? சரி, அதையும் எழுதுங்கள். ஜெர்மன் விஞ்ஞானி டோமாக் 1935இல் வெளியிட்ட புரோன்டோசில் என்ற சிவப்பு அசோ சாயம் சோதனைக் குழாயில் சும்மா இருந்தது, எலிகளைக் காப்பாற்றியது. உடலுக்குள் அது உடைந்து, கிருமியைத் தடுக்கும் சல்ஃபனிலமைடு என்ற பொருள் வெளியானதுதான் காரணம்.

முடிந்ததும் தட்டுகளை 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவிக் கலன்) செய்யுங்கள். அது கிருமியைக் கொல்லும்; ஆனால் சாயத்தையும் அழிக்கும் என்று நம்ப முடியாது. மிச்சக் கரைசலைத் தொட்டியில் கொட்டாமல் வேதிக்கழிவு டப்பாவில் சேருங்கள்.