உமி, தவிடு, பதர்: எதை எங்கே சொல்வது?

விதைக்கு மேலே எது மூடியிருந்தாலும் சிலர் உமி என்றே எழுதிவிடுகிறார்கள். கடலை உமி, பருப்பு உமி என்று படிக்கும்போது சோற்றில் கல் கடிபட்ட மாதிரி இருக்கிறது. உமி என்பது நெல், வரகு, சாமை, தினை போன்ற தானியங்களின் வெளிக்கூடு, அவ்வளவுதான்.

ஒரு நெல்மணியை நகத்தால் கீறிப் பாருங்கள். ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும் இரண்டு சொரசொரப்பான செதில்கள் பிரிந்து வரும், அதுதான் உமி. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதுவே. உள்ளே இருக்கும் அரிசி பழுப்பாக இருக்கும், அந்தப் பழுப்புப் படலம் தீட்டும்போது பொடியாக உதிர்ந்தால் அதற்குப் பெயர் தவிடு. இரண்டையும் போட்டுக் குழப்பினால் அர்த்தமே மாறிவிடும், ஏனென்றால் தவிட்டில் எண்ணெயும் சத்தும் இருக்கிறது, மாடு ஆசையாகத் தின்னும், உமியில் இருப்பதோ பெரும்பாலும் நார்ச்சத்தும் சிலிக்காவும்தான். அதனால்தான் தவிட்டு எண்ணெய் உண்டு, உமி எண்ணெய் கிடையாது. உமிக்கரி உண்டு, தவிட்டுக்கரி என்று யாரும் சொல்வதில்லை.

பதர் வேறு சமாச்சாரம். வெளியே பார்த்தால் முழு நெல், உள்ளே அரிசியே பிடித்திருக்காது, தண்ணீரில் போட்டால் மிதக்கும். அரைகுறையாகப் பிடித்திருந்தால் கருக்காய்.

சந்தேகம் வந்தால் வினைச்சொல்லைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்: உமி போகக் குத்துவோம், தவிடு போகத் தீட்டுவோம், பதர் போகத் தூற்றுவோம். ஓடு என்றால் உடைப்போம், தோல் என்றால் உரிப்போம். நிலக்கடலைக்கு வெளியே இருப்பது ஓடு, பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் சிவப்புச் சவ்வு தோல். உளுந்து, துவரைக்கும் தோல்தான். உடைக்கும்போது நொறுங்கி விழும் தோலும் குருணையும் கலந்தது பொட்டு. தேங்காய்க்கு மட்டை. கோதுமைக்கு உமி கதிரடிக்கும்போதே போய்விடும் என்பதால் கடையில் வாங்குவது கோதுமைத் தவிடு.

அப்புறம், ஆளைத் திட்ட உமி உதவாது, அதற்குப் பதர்தான். பலனில்லாத வேலையைச் சொல்லும்போது உமியைக் கூப்பிடலாம்: "உமியைக் குத்திக் கை சலித்ததுதான் மிச்சம்."