அரைமணிக்கு ஒருமுறை எழ வைக்கும் கணினி நினைவூட்டல்

நினைவூட்டல் வைப்பது ஐந்து நிமிட வேலை. ஆனால் நாலைந்து நாளில் பழகிவிடும்; கண் திரையில் இருக்க, கை தானாகப் போய் 'பிறகு' பொத்தானை அழுத்தும். உட்கார்ந்தபடியே அணைக்க முடிகிற நினைவூட்டலுக்கு ஆயுள் குறைவு. அமைக்கும்போதே இதை யோசித்துவிட வேண்டும்.

இடைவெளி 30 நிமிடம், எழுந்து நிற்பது 1 முதல் 2 நிமிடம். இதில் தொடங்குங்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்று வைத்தால் எரிச்சலில் மொத்தமாக நிறுத்திவிடுவீர்கள். 2012-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் 28 அலுவலக ஊழியர்கள் கலந்துகொண்டார்கள். அரைமணிக்கு ஒருமுறை எழச் சொல்லும் மென்பொருள் ஒரு தரப்பினருக்குத் தரப்பட்டது. அவர்களிடம் அரைமணிக்கு மேல் நீளும் உட்காரல்கள் குறைந்தன. ஆனால் நாளின் மொத்த உட்கார்ந்த நேரம் பெரிதாகக் குறையவில்லை. மொத்தத்தையும் குறைக்க, போன் பேச்சையெல்லாம் நின்றபடி பேசுங்கள்.

விண்டோஸில் தனி மென்பொருள் இல்லாமலே செய்யலாம். நோட்பேடில் ஒரு வரி எழுதிச் சேமியுங்கள்; நேரம் வரும்போது திரையில் திறக்கப்போவது அதுதான். வெறும் 'எழுந்திரு' வேண்டாம். 'டம்ளரில் தண்ணீர் பிடி' என்பதுபோல் நாற்காலியை விட்டால்தான் முடிகிற வேலையாக இருக்கட்டும். (சின்ன டம்ளராக வையுங்கள், பாட்டில் வேண்டாம்.) குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் விண்டோஸின் சொந்தக் கருவியான டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து 'கிரியேட் டாஸ்க்' அழுத்துங்கள். 'டிரிகர்ஸ்' பகுதியில் 'வீக்லி' தேர்ந்து வேலை நாட்களை டிக் செய்து, வேலை தொடங்கும் நேரத்தைக் கொடுங்கள். கீழே 'ரிப்பீட் டாஸ்க் எவ்ரி' என்பதில் 30 நிமிடம், கால அளவில் 8 மணி நேரம். 45 நிமிடம் வேண்டுமென்றால் பட்டியலில் இருக்காது, பெட்டியிலேயே தட்டச்சு செய்யலாம். 'ஆக்ஷன்ஸ்' பகுதியில் அந்த நோட்பேட் கோப்பைக் காட்டுங்கள்.

மடிக்கணினியில் பலரும் கோட்டைவிடும் இடம் அதே டாஸ்க்கின் 'கண்டிஷன்ஸ்' பகுதி. மின் இணைப்பில் இருந்தால் மட்டும் இயக்கு என்ற டிக் அங்கே முன்கூட்டியே போட்டிருக்கும். சார்ஜரைக் கழற்றினால் நினைவூட்டல் வரவே வராது, பிழைச்செய்தியும் காட்டாது. அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

இதற்கு மேல் கண்டிப்பு வேண்டுமென்றால் ஸ்ட்ரெட்ச்லி என்ற இலவசச் செயலி விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நிறுவியதும் 10 நிமிடத்துக்கு ஒரு 20 விநாடி இடைவேளை, அரைமணிக்கு ஒரு 5 நிமிட இடைவேளை என்று இருக்கும். குறு இடைவேளையை அணைத்துவிட்டு, நீண்டதை 2 நிமிடமாகக் குறையுங்கள். 'ஸ்ட்ரிக்ட் மோட்' போட்டால் இடைவேளையைப் பாதியில் தாண்ட முடியாது. முதல் வாரமே அதைப் போடாதீர்கள்; அவசர வேலையின் நடுவே திரை மறைந்தால், அன்றைக்கே செயலியை நீக்கத் தோன்றும். நீங்கள் ஏற்கெனவே எழுந்து போயிருந்த நேரத்தையும் இது கணக்கில் எடுக்கும். டாஸ்க் ஷெட்யூலர் கடிகாரத்தை மட்டுமே பார்க்கும் என்பதால், இப்போதுதான் திரும்பி வந்து உட்கார்ந்தவரையும் எழச் சொல்லும்.

நாட்காட்டி செயலியின் அறிவிப்பை நம்பியிருப்பவர்கள், அறிவிப்புகளை மறைத்துவிடும் 'டூ நாட் டிஸ்டர்ப்' நிலையைப் பாருங்கள். புரொஜெக்டரில் திரையை அப்படியே காட்டும்போது விண்டோஸ் அதைத் தானாகவே போட்டுக்கொள்ளும். நீண்ட கூட்டங்களில் நினைவூட்டல் காணாமல் போவது இதனால்தான்.